கழிவுப் பெட்டிக்குப் போன படங்கள்

போன மாதம் ஓய்வூதியப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்க ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒருத்தி ஓடிவந்து, கணினியில் ஒரு படத்தைக் காட்டி, “மிஸ், இத வைக்கிறதா, கழிக்கிறதா?” என்று கேட்டாள். தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். வேலை செய்த காலம் முழுக்க அந்த ஒரு கேள்விக்காகவே சம்பளம் வாங்கியவள் இப்படி நழுவினால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. தேயிலை இலையை அரிசிக் குருணை அளவுக்கு வெட்டி, மருந்தில் ஊறவைத்து, பிசினில் இறுக்கி, மெல்லிசிலும் மெல்லிசாகச் சீவுவேன். சீவியதைப் பெட்டியில் வைத்து நானுஓயாவில் ரயில் ஏறி, கீழே பல்கலைக்கழகத்தில் இருந்த இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குக் கொண்டுபோவேன். மாதத்தில் இரண்டு நாள் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அப்போதெல்லாம் பிலிம்தான். எடுத்து வந்து கழுவி, நல்லதை மேலதிகாரிக்கு அனுப்பி, கெட்டதைக் கழிப்பேன். வெட்டுவதும் சீவுவதும் உங்களுக்கு யாராவது கற்றுத்தருவார்கள். நான் சொல்ல வந்தது கழிப்பதைப் பற்றி மட்டும்.

எனக்குக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அப்போதிருந்த தலைமைத் தொழினுட்பவியலாளர், ஒரு சிங்களவர். கறாரான மனிதர். கலத்துக்குள் இருக்கிற சின்ன உறுப்புகள், அதாவது புன்னங்கங்கள், பச்சையவுருமணி ஓர் இடம், இழைமணி ஓர் இடம், அகமுதலுருச் சிறுவலை ஓர் இடம் என்று பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரி விலகி இருந்தால் அது நல்ல படம். ஒன்றின் சவ்வு இன்னொன்றின் சவ்வோடு நெருங்கிக் கிடந்தால், மருந்து சரியாக இறங்கவில்லை, கலம் சாகிற நேரத்தில் சுருங்கி ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். “தங்கச்சி, ஒட்டினா குப்பை” என்பார். அவர் தமிழில் தடுமாறாமல் சொன்ன வசனம் அது ஒன்றுதான். கூடவே இன்னொன்றும் செய்யவைத்தார். குப்பைக்கும் பெயரெழுதி, எந்தச் செடி, எந்த நாள் என்று குறித்து, பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். குப்பைக்கு எதற்குப் பெயர் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் சொன்னதைச் செய்தேன்.

அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காலத்தில் உலகத்தில் பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் நினைத்தார்கள். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியது நான்தான்.

ஏன் தொங்கினேன் என்பதையும் சொல்கிறேன். நான் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற காம்பராக்களில் ஒன்றில் பிறந்தவள். பள்ளிக்கூட நாளில் ஒருமுறை அம்மாவைத் தேடிக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை அம்மாவின் சாக்கைத் தரையில் கவிழ்த்து, முற்றின இலைகளைப் பொறுக்கி எடுத்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது என் கையிலிருந்து ஒரு முற்றின இலைகூட மேலே போகக்கூடாது என்று வைராக்கியம் வைத்தேன். தோட்டத்து ஆள் செய்த வேலை இப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் வாயிலும் வரக்கூடாது. சந்தேகம் என்றால் கழிவுப் பெட்டி. கொஞ்சம் நெருங்கியிருந்தாலும் கழிவுப் பெட்டி. என் படங்கள் பளிங்கு மாதிரி இருக்கின்றன என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரில் எனக்கு ஒரு மயக்கமும் இருந்தது. மறைப்பானேன்.

இப்படி இருக்கும்போதுதான் சுகந்தி வந்தாள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம். அவளும் லயத்துப் பிள்ளைதான், ஆனால் என்னை மாதிரித் தொழினுட்பப் பக்கம் இல்லை. பட்டம் முடித்து, ஆராய்ச்சி உதவியாளராகத் தற்காலிக நியமனத்தில் வந்தவள். மேல்பட்டத்துக்கும் பதிந்திருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி எங்கள் ஊருக்கே உரியது. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்தால் மறுநாள் வெயிலில் கொழுந்து கருகிப்போகும். ஒரே வரிசையில் நிற்கிற செடிகளில் சில கருகும், சில தப்பிவிடும். தப்புகிற செடியின் கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவள் கேள்வி.

ஆறேழு மாதம் என் நல்ல படங்களைப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கருகினதும் தப்பினதும் ஒரே மாதிரி இருந்தன. ஒருநாள் மெதுவாக வந்து, “அக்கா, நீங்க கழிச்சதக் கொஞ்சம் பாக்கலாங்களா?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் அடுப்படியில் வந்து குப்பைக்கூடையைக் கிளறுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் பெட்டியைக் கொடுத்தேன், குப்பையில் என்ன கிடைத்துவிடப் போகிறது என்ற தைரியத்தில்.

நாலாம் நாள் அவள் முகமே மாறியிருந்தது. தப்பின செடிகளின் படங்களில், அகமுதலுருச் சிறுவலை பச்சையவுருமணியின் ஓரத்தோடு ஓரமாக, இடத்துக்கு இடம் நெருங்கிப் படுத்திருந்தது. கருகினவற்றில் அப்படி இல்லை, அல்லது மிகக் குறைவு. பனி படாத இலைகளிலும் குறைவு. இது மருந்து செய்த பழுதாக இருந்தால் எல்லா இலையிலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும் என்றாள். நான் அசையவில்லை. புன்னங்கங்கள் தங்களுக்குள் பொருளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித்தான் அனுப்பும், பொட்டலம் மிதந்துபோய்ச் சேரும் என்றுதானே நாமெல்லாம் படித்தோம் என்று கேட்டேன்.

அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அக்கா, லயத்துல பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு சிரட்டை மொளகாத்தூள் குடுக்கணும்னா வாசல் வழியா சுத்திக்கிட்டா போறாங்க? செவுரு கூரை வரைக்கும் ஏறாதுல்ல, அதுக்கு மேலால கைய நீட்டிக் குடுத்துர்றாங்க. செவுரும் இடிய வேணாம், ரெண்டு காம்பராவும் ஒண்ணாகவும் வேணாம். பக்கத்துல இருந்தா போதும்.”

இன்றைக்கு உங்களுக்கு இது முதல் வருடப் பாடம். சவ்வும் சவ்வும் கலந்துவிடாமல், நூலிழையிலும் நுண்ணிய ஓர் இடைவெளி விட்டு நெருங்கி நிற்கும். அந்த இடத்தில் கொழுப்பும் கல்சியமும் நேரே கைமாறும். கலத்துக்கு நெருக்கடி வந்தால் அந்த நெருக்கமும் மாறும். அவள் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல், என் குப்பைப் பெட்டியிலிருந்து, ஒரு மிளகாய்த்தூள் சிரட்டையை வைத்துப் பிடித்தாள்.

பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலமே உருப்பெருக்கியில் பார்த்தேன். இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். மருந்து கெடுத்த படத்தில் சவ்வு நைந்து, ஊதி, முறிந்து, கன்னாபின்னாவென்று ஒட்டியிருக்கும். அவள் காட்டிய இடங்களில் அப்படி இல்லை. இரண்டு கோடுகளும் முறியாமல், கூர்மையாக, நெடுகிலும் ஒரே இடைவெளியோடு போயின. நான் வருடக்கணக்காக இரண்டு வேறு விதமான படங்களை ஒரே பெட்டியில் போட்டிருக்கிறேன் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவள் ஒரு யோசனையோடு வந்தாள். படங்களின் பெயரைத் தாள் ஒட்டி மறைத்துவிடலாம். எது பனி பட்டது, எது தப்பினது என்று தெரியாமல் நான் எண்ண வேண்டும். என் கண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதனால் நான்தான் எண்ண வேண்டும். இரண்டு வார வேலை. அவள் ஆராய்ச்சியை மதிப்பிடுகிற குழுவின் கூட்டம் மாதக் கடைசியில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் குழு ஏற்றுக்கொண்டால் அவள் மேல்பட்டம் தொடரும், நியமனமும் நீளும். ஏற்காவிட்டால் இரண்டும் அந்த மாதத்தோடு முடிந்தது. கருகினதும் தப்பினதும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்று சொல்வதற்கு யாரும் இன்னொரு வருடம் கொடுக்கப்போவதில்லை.

நான் மாட்டேன் என்றேன். என் கைக்குப் பரீட்சை வைக்கிறாயா என்று கேட்டேன். நீ பிறக்கும்போதே நான் இலை சீவிக்கொண்டிருந்தவள் என்றுகூடச் சொன்னேன். அது கணக்குப்படி பொய். கோபத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள். அவள் “சரிங்கக்கா” என்று போய்விட்டாள். தனியாக உட்கார்ந்து தானே எண்ணினாள். தானே எண்ணினதைக் குழு எவ்வளவு மதிக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு முதல் நாள் எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையானவர், பூச்சியியல் படித்தவர். இலத்திரன் படம் அவருக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. அதை அவர் ஒளித்ததும் இல்லை. மேசையில் சுகந்தியின் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். குழுவில் வெளியார் இருவர் வருகிறார்கள், மருந்து செய்த பழுதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டுபோய் நிறுத்தினால் பிள்ளைக்கும் கேவலம், கூடத்துக்கும் கேவலம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“நான் உங்கட கண்ணை நம்பித்தான் இருக்கிறன். இது மெய்யோ, மருந்து செய்த பழுதோ? நீங்கள் சொல்லுறதுதான்.”

அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். மெய் என்று சொன்னால், இத்தனை வருடம் அவற்றைக் கழித்தது யார் என்ற கேள்வி வரும். என் பளிங்குப் படங்களை வைத்து எழுதிய அறிக்கைகளையெல்லாம் திரும்ப எடுப்பார்கள். அலமாரியிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கி, வெளியார் முன்னால் கவிழ்ப்பார்கள். பழுது என்று சொன்னால் ஒன்றும் ஆகாது. எனக்கு ஒன்றும் ஆகாது. தெரியாது, ஒரு மாதம் கொடுங்கள், எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது. அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எந்தப் படிப்பும் தேவையில்லை.

“மருந்தால வந்ததுங்க சேர்” என்றேன்.

அவர் நன்றி சொல்லிப் படங்களை அடுக்கினார். அடுத்த நாள் கூட்டத்துக்கு நான் போகவில்லை. தொழினுட்பவியலாளர்களைக் கூப்பிடுவதும் இல்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். சுகந்தி பேசத் தொடங்கியதுமே, இந்தப் படங்களைத் தயாரித்தவரே இவை பழுது என்கிறாரே என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் என்ன பேசினால் என்ன. மாதக் கடைசியில் மேசையை ஒதுக்கினாள். போகும்போது என்னிடம் வந்து, போயிட்டு வர்றேங்கக்கா என்று எப்போதும்போலச் சொன்னாள். நான் என்னவோ மும்முரமாகச் சீவிக்கொண்டிருந்த மாதிரி நிமிராமல் தலையை ஆட்டினேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது சறுக்கினால் சொல்கிற வார்த்தை. தெரிந்து வைத்த காலுக்கு அது பொருந்தாது.

வருடங்கள் போயின. பிலிம் போய்க் கணினி வந்தது. எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அதிகாரி ஒருவர் எங்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார். திரையில் ஒரு படம் போட்டார். பச்சையவுருமணியின் ஓரத்தில் அகமுதலுருச் சிறுவலை, நடுவில் அந்த ஒரே சீரான இடைவெளி, அதைக் காட்டி வரிசையாகச் சிவப்பு அம்புகள். புன்னங்கங்கள் இப்படித்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்றார். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை. வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாளே அலமாரியைத் திறந்தேன். அந்தப் பழைய தலைமைத் தொழினுட்பவியலாளர் புண்ணியத்தில் குப்பையெல்லாம் பெயரோடு பத்திரமாக இருந்தது. அலுவலகப் பியோனைக் கூப்பிட்டு, பெயரெல்லாம் மறையும்படி தாள் ஒட்டிக் குலுக்கித் தரச் சொன்னேன். மிஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். மதியச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து, மூன்று வாரம், ஒவ்வொன்றாக எண்ணினேன். நைந்து ஒட்டியதைத் தனியாக, சீராக நெருங்கியதைத் தனியாக. முடிந்ததும் தாளை உரித்துப் பார்த்தேன். சுகந்தி சொன்னது சரி. இழுபறியான சரி இல்லை. யார் எண்ணியிருந்தாலும் தெரிந்திருக்கும்.

இரண்டே வார வேலை என்று அவள் சொன்னாள். எனக்கு வயதாகிவிட்டதால் மூன்று வாரம் ஆனது.

அவள் ஹட்டனில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எண்ணிய தாளை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சின்ன இடம். வாசலில் இருபது பேர் துண்டுச் சீட்டோடு காத்திருந்தார்கள். உள்ளே ஒரு மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு, ஒரு கையால் எண்ணும் கருவியைத் தட்டியபடி சுகந்தி இருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கக்கா, ஒக்காருங்க” என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். வீட்டில் எல்லாரும் சுகமா, மழைக்கு ரோடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். நான் உறையை நீட்டினேன்.

நின்றபடியே வாசித்தாள். முதலில் முடிவைப் பார்க்கவில்லை. யார் பெயரை மறைத்தது, மறைத்தவருக்கு எது எது என்று தெரியுமா, இரண்டு விதத்தையும் எப்படிப் பிரித்தீர்கள் என்றுதான் கேட்டாள். சொன்னேன். பியோனுக்கு ஒன்றும் தெரியாது என்றதும் தலையை ஆட்டினாள். பிறகுதான் கடைசி வரிக்குப் போனாள். எனக்கு அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா, கடிதம் எழுதட்டுமா, சேருக்குச் சொல்லட்டுமா என்று நான் உளறிக்கொண்டே போனேன். அவள் கேட்ட கேள்விக்கு எங்கோ யாரோ எப்போதோ விடை எழுதிவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்தானே.

அவள் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

“படம் மெய்யின்னு எனக்கு அப்பவே தெரியுங்கக்கா. ஒண்ணுதான் இத்தன வருசமாத் தெரியல. அன்னைக்குச் சேர் கேட்டப்போ, நீங்க நம்பித்தான் பழுதுன்னு சொன்னீங்களா, இல்ல பயந்து சொன்னீங்களா?”

வெளியே யாரோ தங்கள் நம்பர் எப்போது என்று கேட்டார்கள். எனக்குச் சொல்ல நேரம் இல்லாமல் இல்லை.

“நம்பித்தான் சொன்னேன் சுகந்தி” என்றேன்.

அவள் தாளை உறைக்குள் போட்டு என்னிடமே திரும்பக் கொடுத்தாள். “நீங்களே வச்சுக்கங்கக்கா” என்றாள். அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

நான் நம்பவில்லை. பயந்துதான் சொன்னேன். உங்களிடம் அதைச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கிறது, ஏனென்றால் உங்களில் யாரும் என்னால் எதையும் இழக்கவில்லை.